தொப்பையை டேப்பால் அளந்து பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ. கை, கால் ஒல்லிதான். வீட்டில் இருக்கும் டிஜிட்டல் எடை மெஷின் காலையில் உடலில் 26 சதவீதம் கொழுப்பு என்கிறது. இரவு 21 சதவீதம் என்கிறது. எதை நம்புவது? டேப் வைத்தே கணக்கிடலாம் என்கிறார் நண்பர். தொப்புளுக்கு நேராக வயிறு 94 செ.மீ., கழுத்து 38 செ.மீ. இருக்கிறது.
- வாசகர், கரூர்

பதில்: 68 கிலோவில் ஐந்து சதவீதம் என்றால் கிட்டத்தட்ட மூன்றரை கிலோ. அவ்வளவு கொழுப்பு காலைக்கும் இரவுக்கும் இடையில் யாருக்கும் கரையாது. மாறியது உடம்பில் இருக்கும் தண்ணீர்தான். அந்த மெஷின் கொழுப்பை நேரடியாக அளப்பதில்லை. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்கு மிகச் சிறிய மின்சாரத்தைச் செலுத்துகிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையோடு நீங்கள் பதிந்து வைத்த வயது, உயரம், பாலினம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு எண்ணை ஊகித்துச் சொல்கிறது. இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் காலையில் ஏறி நின்றால் தடை கூடும், கொழுப்பும் கூடின மாதிரி தெரியும். பகலில் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, நின்று நின்று காலில் நீர் இறங்கியிருக்கும்போது ஏறினால் குறைத்துக் காட்டும்.

இன்னொரு விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. அந்த மின்சாரம் பெரும்பாலும் இரண்டு கால்கள் வழியாகவே போய்விடுகிறது, வயிற்றை அது சரியாகப் பார்ப்பதே இல்லை. கால் ஒல்லியாகவும் தொப்பை மட்டும் முன்னால் தள்ளியும் இருப்பவருக்கு அது உள்ளதைவிடக் குறைத்துச் சொல்ல வாய்ப்பு உண்டு. கோவையில் என்னைப் பார்க்க வரும் ஆண்களில் அந்த உடல்வாகுதான் அதிகம். (இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த மெஷினில் ஏறவே வேண்டாம்.)

உங்கள் நண்பர் சொன்னது சரி. 2018-ல் ஊல்காட், பெர்க்மன் என்ற இருவர் வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. பேப்பரிலேயே போட்டுவிடலாம். உயரத்தை வயிற்றுச் சுற்றளவால் வகுத்து, வந்ததை 20-ஆல் பெருக்குங்கள். ஆண் என்றால் அதை 64-லிருந்து கழிக்க வேண்டும், பெண் என்றால் 76-லிருந்து. உங்களுக்கு 170-ஐ 94-ஆல் வகுத்தால் 1.81, இருபதால் பெருக்கினால் சுமார் 36.2, 64-லிருந்து கழித்தால் 27.8 சதவீதம். அமெரிக்கக் கடற்படைக்காக ஹாட்ஜ்டன், பெக்கெட் 1984-ல் உருவாக்கிய முறை கழுத்து அளவையும் சேர்த்துக்கொள்கிறது. அதில் உங்களுக்கு வருவது 24.3. இரண்டுமே அமெரிக்கர்களின் அளவுகளை வைத்துப் போட்டவை, மூன்று நான்கு புள்ளி முன்பின் இருக்கத்தான் செய்யும். ஆனால் இரண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: உங்கள் ஒல்லிக்குள் கொழுப்பு இருக்கிறது.

இது நம் ஊர் உடம்பின் பழைய கதை. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் தங்களையே அளந்து, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ., அதாவது கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண், ஒரே 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. இப்படிப்பட்ட வேறுபாட்டால்தான் இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே அதிக எடை என்று கணக்கிடுகிறோம். உங்களுடையது 23.5.

சதவீதத்தை விடுங்கள், 94-ஐப் பாருங்கள். நம் ஆண்களுக்கு வயிற்றுச் சுற்றளவின் வரம்பு 90 செ.மீ. பேன்ட் சைஸை வைத்துச் சமாதானம் ஆக வேண்டாம். தொப்பைக்குக் கீழே இறக்கிப் போடும் பேன்ட் தொப்பையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. தையல் டேப் நாள்பட்டால் இழுபட்டு நீண்டுவிடும், இரும்பு ஸ்கேலோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். காலைக்கடன் முடித்து, சாப்பிடுவதற்கு முன், சட்டை இல்லாமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. டேப் தோலில் படிய வேண்டும், அழுத்தக் கூடாது. மாதம் ஒருமுறை போதும். அப்புறம், ரத்தத்தில் மூன்று மாதச் சராசரி சர்க்கரையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் தள்ளிப் போடவே வேண்டாம்.

கேள்வி: எனக்கு 34 வயது, உயரம் 155 செ.மீ., வயிறு 79 செ.மீ. மெஷினில் எனக்கு 36 சதவீதமும் கணவருக்கு 24 சதவீதமும் காட்டுகிறது. அவரைவிட நான் மோசமாக இருக்கிறேனா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: இல்லை அம்மா. ஆணின் எண்ணோடு பெண்ணின் எண்ணை ஒப்பிடவே கூடாது. உயிர் வாழ அவசியமான கொழுப்பே ஆணுக்குச் சுமார் 3 சதவீதம், பெண்ணுக்குச் சுமார் 12. மார்பிலும் இடுப்பிலும் தொடையிலும் சேருவது பெண்ணுடம்பின் இயல்பு. உயரத்தை வயிற்றால் வகுத்து 76-லிருந்து கழிக்கும், மேலே சொன்ன கணக்கிலும் உங்களுக்கு 36.8 வருகிறது, மெஷினோடு ஒத்துப்போகிறது. பெண்களுக்கான வயிற்று வரம்பு 80 செ.மீ. என்பதால் விளிம்பில் நிற்கிறீர்கள். உயரத்தில் பாதிக்குள் வயிறு இருப்பது நல்லது. உங்களுக்கு அது 77.5. ஒன்றரை சென்டிமீட்டர் குறைப்பது எட்டக்கூடிய தூரம்தான். பாவாடை நாடா தழும்பின் மேலேயே டேப்பை வைக்காதீர்கள், அங்கே சதை உள்வாங்கியிருக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் தங்கும் என்பதால் அப்போது மெஷினிலும் ஏறாதீர்கள், டேப்பையும் எடுக்காதீர்கள்.

கேள்வி: கொழுப்பைத் தெரிந்துகொள்ள, தோல் மடிப்பைக் கிள்ளி அளக்கும் காலிப்பர் வாங்கலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: தனியாக இருப்பவருக்கு வேண்டாம். 1974-ல் டர்னின், வோமர்ஸ்லி வகுத்த முறையில் கையின் முன்புறம், பின்புறம், இடுப்பெலும்புக்கு மேல், தோள்பட்டை எலும்புக்குக் கீழ் என நான்கு இடம் கிள்ள வேண்டும். முதுகில் உங்கள் கை எட்டாது. தோலுக்கு அடியில் இருப்பதை மட்டும்தான் அது பிடிக்கும். குடலையும் ஈரலையும் சுற்றிய கொழுப்பு அதற்குச் சிக்காது. ஜிம்மில் பழகிய பயிற்சியாளர் இருந்தால் அவரிடம் எடுங்கள். எப்போதும் அவரே எடுக்கட்டும், ஆள் மாறினால் பழைய எண்ணோடு புதியதை ஒப்பிட வேண்டாம்.