தேக்கை மொட்டையடிக்கும் பூச்சி – கடிதம்

வணக்கம் சார்,

ஜூன் முதல் வாரம் கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக நிலம்பூர் இறங்கினோம். மழையில் ஊரே பச்சையாக இருக்க, ஒரு தோட்டத்தில் தேக்கு மரங்கள் மட்டும் வெறும் இலை நரம்புகளோடு நின்றன. நூலில் புழுக்கள் தொங்கின. வேறோர் இடத்தில் புதரைத் தட்டியதும் பழுப்புப் பூச்சிகள் கிளம்பின. மரம் பட்டுப்போகாதா? மருந்தே கிடையாதா?

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் புழுவும் பூச்சியும் ஒன்றேதான். ஹைப்ளேயா ப்யூரா என்ற அந்துப்பூச்சி. பகலில் சிறகைக் கூரை மாதிரி மடித்துப் புதரில் உட்கார்ந்திருக்கும். சருகுத் துணுக்கு என்றே நினைப்போம். பறக்கும்போது பின்சிறகைக் கவனியுங்கள், கறுப்பில் ஆரஞ்சுத் திட்டு. விரித்தால் மூன்று நான்கு சென்டிமீட்டர், அவ்வளவுதான்.

கோடைமழை விழுந்ததும் தேக்கு தளிர்க்கும். பூச்சி காத்திருப்பது அந்தக் கொழுந்துக்குத்தான்; முற்றிய இலை குஞ்சுப்புழுவுக்குச் சரிப்படாது. ஒரு பெண்பூச்சி சுமார் 500 முட்டைகளைத் தனித்தனியாகத் தளிர்களில் ஒட்டிவைக்கும். இரண்டு நாளில் பொரிந்துவிடும். முதலில் இலையைச் சுரண்டித் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் இலையோரத்தை வெட்டி மடித்து, பட்டுநூலால் கட்டி உள்ளே ஒளிந்துகொள்ளும். குடியிருக்கும் வீட்டையே தின்பது, தீர்ந்ததும் அடுத்த மடிப்புக்குப் போவது. புழு பெருத்த நாட்களில் எச்சம் சருகில் விழும் சத்தம் தூறல் போலக் கேட்கும்.

பத்துப் பன்னிரண்டு நாளில் புழு நூல்விட்டு இறங்கி, சருகுக்கடியில் ஒரு வாரம் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். ஆக, முட்டையிலிருந்து பூச்சி வரை மூன்று வாரம். அதற்குள் மேலே கொழுந்து தீர்ந்திருக்கும். புதுப்பூச்சிகள் வேறு இடம் பார்த்துப் பறக்க வேண்டியதுதான்.

மரம் சாகாது, மறுபடி தளிர்க்கும். நட்டம் மரக்கட்டையில்தான். பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையம் நிலம்பூரின் இளந்தேக்குகளில் அளந்து பார்த்தபோது, மரக்கட்டையின் கன அளவு வளர்ச்சியில் 44 சதவீதம் போயிருந்தது. மருந்தும் இதே புழுவிடமிருந்து வந்ததுதான்: இதைத் தாக்கும் ஒரு வைரஸைப் பெருக்கி, மரங்களில் தெளித்துப் பார்த்தார்கள். நோய்ப்பட்ட புழு கூழாகி உடைந்து, கிருமியை மற்ற புழுக்களுக்கும் பரப்பும்.

அப்புறம், மழைக்காலம் முடிகிற சமயத்தில் போய், இலைகள் நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாக இருப்பதைப் பார்த்தால் இதன்மேல் பழி போடாதீர்கள். அது யூடெக்டோனா என்ற வேறு பூச்சி, இதைவிடச் சிறியது.

ஜாவாவின் தேக்குக்காட்டு ஊர்களில் ஹைப்ளேயாவின் கூட்டுப்புழுவைப் பொறுக்கி, வறுத்துச் சாப்பிடுகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் உங்கர்.