கென்யாவுக்குக் கோடை ஊழியம்: புறப்படும் முன் கேட்டவையும் பதில்களும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கென்யாவுக்குக் குழுவாகப் போகத் தயாராகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

திருநெல்வேலி, வாலிபர் ஐக்கியச் செயலாளர்: ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு லீவு ஏப்ரல், மே மாதம்தான். அப்போதே போய்வரலாமா?

வேண்டாம் தம்பி. மார்ச் கடைசியிலிருந்து மே வரை அங்கே பெருமழைக் காலம். கிராமத்து மண் பாதையில் வண்டி புதைந்தால் பாதி நாள் போய்விடும். ஜூலை, ஆகஸ்ட் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே பள்ளி விடுமுறை ஆகஸ்டில். ஜூலையில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) வைத்தால் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள், நீங்கள் காலி ஆலயத்தில் நிற்பீர்கள். கட்டுமான வேலை என்றால் ஜூலை, பிள்ளைகள் ஊழியம் என்றால் ஆகஸ்ட். நைரோபி கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஜூலை இரவுகளில் குளிர் 12 டிகிரி வரை இறங்கும். ஆப்பிரிக்கா என்றாலே வெயில் என்று நினைத்து ஸ்வெட்டரை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சென்னை: மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமா? எப்போது போட வேண்டும்?

கட்டாயம். கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது இதில் நம் ஊரில்தான் கண்டிப்பு அதிகம். சான்றிதழ் இல்லாவிட்டால் விமான நிலையத்திலிருந்தே தனிமைப்படுத்தி 6 நாள் வரை வைத்திருக்கலாம். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். அதனால் ஒரு மாதம் முன்பே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகாரம் பெற்ற மையத்தில் நாள் வாங்கிவிடுங்கள். மற்ற ஆஸ்பத்திரிகளில் போட்டால் சான்றிதழான மஞ்சள் அட்டை கிடைக்காது. 2016 ஜூலை முதல் ஒரு முறை போட்டாலே ஆயுள் முழுவதும் செல்லும், பழைய அட்டையில் 10 வருடம் என்று அச்சிட்டிருந்தாலும் சரி. அட்டையிலுள்ள பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். இது உயிருள்ள தடுப்பூசி. 60 வயதைத் தாண்டியவர்கள், கர்ப்பிணிகள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள் முதலில் டாக்டரைக் கேட்க வேண்டும்.

டொரொண்டோ, ஒரு தாய்: 15 வயது மகன் கிசுமு போகிறான். மலேரியாவுக்கு என்ன செய்வது?

நைரோபியில் ஆபத்து குறைவு. கிசுமு விக்டோரியா ஏரிக்கரையில் இருப்பதால் ஆண்டு முழுவதும் மலேரியா உண்டு சகோதரி. அதுவும் மூளையைத் தாக்கக்கூடிய ஃபால்சிபாரம் வகை. தடுப்பு மாத்திரை எடுக்க வேண்டும். அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, தினமும் சாப்பாட்டோடோ பாலோடோ எடுத்து, திரும்பிய பின் 7 நாள் தொடர வேண்டும். டாக்ஸிசைக்ளின் விலை குறைவு, ஆனால் திரும்பிய பின்னும் 4 வாரம் எடுக்க வேண்டும். பெரும்பாலான பையன்கள் தவறுவது அங்கேதான்: வீட்டுக்கு வந்ததும் நிறுத்திவிடுவார்கள். டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர் அவன் எடையைப் பார்த்துச் சொல்லட்டும். திரும்பி வந்து மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் "கென்யா போயிருந்தான்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லி அன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கோயம்புத்தூர், ஒரு டாக்டர்: இலவச மருத்துவ முகாம் நடத்த விசிட்டர் அனுமதி போதாதா? மருந்துகளைப் பெட்டியில் கொண்டுபோகலாமா?

விசிட்டர் அனுமதி போதாது, மருந்தையும் பெட்டியில் கொண்டுபோக வேண்டாம். இ.டி.ஏ. என்ற மின்னணு அனுமதி, வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு. சம்பளமில்லாத சேவைக்கும் அழைக்கும் சபை வழியாக ஸ்பெஷல் பாஸ் என்ற குறுகிய கால வேலை அனுமதி வாங்க வேண்டும். நோயாளியைத் தொடும் டாக்டருக்குக் கென்ய மருத்துவக் கவுன்சிலின் தற்காலிகப் பதிவும், நர்ஸுக்கு நர்ஸிங் கவுன்சிலின் பதிவும் வேண்டும். இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

மருந்தை இங்கிருந்து சுமக்காதீர்கள். அனுமதியில்லாத மருந்து சுங்கத்தில் நின்றுவிடும், அட்டையிலுள்ள பெயர் அங்குள்ள நர்ஸுக்குப் பழக்கமிருக்காது, மிச்சம் காலாவதியாகி அலமாரியில் கிடக்கும். நைரோபியில் மெட்ஸ் என்ற நிறுவனம் இருக்கிறது. கத்தோலிக்க ஆயர் பேரவையும் கென்யக் கிறிஸ்தவ சுகாதாரச் சங்கமும் சேர்ந்து 1986ல் தொடங்கியது. மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து தருவது அவர்கள்தான். பணத்தைக் கொண்டுபோய், உள்ளூர் மருந்தகம் கேட்கும் பட்டியலின்படி அங்கே வாங்கிக் கொடுங்கள்.

வேலூர், நர்ஸ்: வாசிப்புக் கண்ணாடி 200 கொண்டுபோகிறோம். எந்தப் பவர் எத்தனை?

நல்ல ஊழியம் சகோதரி, மனதார வரவேற்கிறேன். +1.00 இருபது, +1.50 நாற்பத்தைந்து, +2.00 ஐம்பத்தைந்து, +2.50 ஐம்பது, +3.00 முப்பது என்று எடுத்தால் பெரும்பாலும் சரியாக வரும். எல்லாம் புதிதாக இருக்கட்டும். சபையில் சேகரித்த பழைய கண்ணாடி வேண்டாம், இரண்டு கண்ணுக்கும் வேறு வேறு பவர் இருக்கும்.

முதலில் தூரப் பார்வையை ஒவ்வொரு கண்ணாக, 6 மீட்டரில் பாருங்கள். அதில் குறை இருந்தாலோ, கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலோ, கண்ணாடி கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். அவருக்குத் தேவை கண் ஆஸ்பத்திரி. நைரோபிக்கு அருகே கிகுயு மிஷன் ஆஸ்பத்திரி, மேற்கே சபாட்டியா கண் ஆஸ்பத்திரி இரண்டிடமும் முன்பே பேசி, போக்குவரத்துச் செலவைத் தனியே எடுத்து வையுங்கள். கிட்டப் பார்வையை 40 சென்டிமீட்டரில் சோதியுங்கள். எழுத்துத் தெரியாத அம்மாவுக்கு அட்டை எதற்கு? ஒரு தட்டில் பீன்ஸைக் கொட்டி, நடுவே நாலு சிறு கல்லைப் போட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லுங்கள். தெளிவாகத் தெரிகிற மிகக் குறைந்த பவரைக் கொடுங்கள். பவர் கூடினால் முகத்துக்கு அருகே பிடித்தால்தான் தெரியும், இரண்டாம் நாளே கழற்றிவிடுவார்கள்.

நாகர்கோவில், சபைக் கட்டட கமிட்டி: பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி வைக்கச் சொல்கிறார்கள். குழு 12 நாள்தான் இருக்கும். முடியுமா?

முடியும், தளத்தை நீங்கள் போகும் முன்பே போட்டுவிட்டால். கான்கிரீட்டுக்கு 7 நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். நீங்கள் இறங்கித் தளம் போட்டால், காயும் முன்பே தொட்டியைத் தூக்கி வைக்கத் தோன்றும். உள்ளூர் கொத்தனாருக்குக் கூலி கொடுத்து முன்பே முடிக்கச் சொல்லுங்கள். அவர் பிழைப்பும் நடக்கும், நாளை விரிசல் விட்டால் பார்க்கவும் ஆள் இருக்கும்.

கணக்கு இப்படி. 12 மீட்டருக்கு 8 மீட்டர் தகரக் கூரை 96 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று வைத்தால், 130 மில்லிமீட்டர் மழையில் 10,000 லிட்டர் தொட்டி நிரம்பும். 200 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2 லிட்டர் என்றால் 25 நாள் வரும். இதைப் பள்ளியில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வருடம் முழுவதும் வரும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது.

நிரம்பிய தொட்டி 10 டன். மேல்மண்ணை எடுத்துக் கெட்டித் தரை வரை போக வேண்டும். அங்கே எல்லாரும் தண்ணீர் பிடிப்பது 20 லிட்டர் மஞ்சள் கேனில். அது குழாய்க்குக் கீழே நிற்க வேண்டுமே! அதற்காக மேடையை 60 சென்டிமீட்டர் உயர்த்துவார்கள், உள்ளே உடைகல்லைத் திமிசு போடாமல் (இடித்து இறுக்காமல்) கொட்டுவார்கள். முதல் பெருமழையில் மேடை ஒரு பக்கம் இறங்கும், தொட்டி சாயும், வெளிக்குழாய் இணைப்பு விரியும், விடிவதற்குள் அத்தனை தண்ணீரும் போய்விடும். 15 சென்டிமீட்டருக்கு ஒரு அடுக்காகத் திமிசு போடச் சொல்லிப் பக்கத்தில் நில்லுங்கள்.

கூரை விளிம்புத் தகரக் கால்வாய்க்கு மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் சரிவு. முதல் மழை கூரைத் தூசியையும் பறவை எச்சத்தையும் கொண்டுவரும். 6 அங்குலக் குழாய் இரண்டரை மீட்டரைச் செங்குத்தாக நிறுத்தி, அடியில் மூடி போட்டு, அதில் சிறு துளை விட்டால் அந்த 45 லிட்டர் தனியே தங்கி மெல்ல வடியும். வழிந்தோடும் குழாயை மேடையிலிருந்து 3 மீட்டர் தள்ளி விடுங்கள், வாயில் கொசுவலை கட்டுங்கள். தொட்டி, குழாய், பித்தளைக் குழாய்த் திருகு எல்லாம் அங்கேயே வாங்குங்கள். புறப்படும்போது பத்து வாஷர், டெஃப்ளான் டேப், ஒரு ஸ்பேனர் ஆகியவற்றைப் பொறுப்பேற்ற ஒருவர் கையில் கொடுத்து, உங்கள் முன்னால் ஒரு முறை வாஷர் மாற்றச் சொல்லுங்கள்.

பெங்களூரு: அனாதைப் பிள்ளைகள் இல்லத்தில் ஒரு வாரம் தங்கி விளையாடலாமா?

இதைச் செய்யாதீர்கள். வாரத்துக்கு ஒரு குழு வந்து கட்டி அணைத்துவிட்டுப் போனால், அந்தக் குழந்தை வாரத்துக்கு ஒரு முறை பிரிவைப் படுகிறது. அங்குள்ள பல பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் கொண்டுவந்து விட்டிருக்கிறது. கென்ய அரசும் 2017 நவம்பரில் புதிய இல்லங்களின் பதிவை நிறுத்திவைத்தது, பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்கும் பக்கமே நகர்கிறது. அந்தப் பணத்தில் ஒரு விதவைத் தாயின் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடையும் மதியச் சாப்பாடும் சபை வழியாகக் கொடுங்கள். முகம் தெரியும் படத்தை இணையத்தில் போடவும் வேண்டாம்.

தூத்துக்குடி, உபதேசியார்: பிரசங்கத்தை மொழிபெயர்ப்பவருக்கு எப்படி வசதி செய்வது?

20 நிமிடப் பிரசங்கம் 40 ஆகும், அதனால் பாதியாகத் தயாரியுங்கள். ஒரு மூச்சுக்கு ஒரு வாக்கியம், முடியும்வரை நிறுத்துங்கள். வசனத்தை அவர் சுவாஹிலி வேதாகமத்திலிருந்தே வாசிக்கட்டும். தமிழ்ப் பழமொழியையும் சிலேடையையும் விட்டுவிடுங்கள், ஏனென்றால் தமிழிலிருந்து ஆங்கிலம், ஆங்கிலத்திலிருந்து சுவாஹிலி என்று இரண்டு மொழி தாண்ட வேண்டும். முந்தின நாள் மாலை அவரோடு உட்கார்ந்து குறிப்பை ஒரு முறை பாருங்கள். மேடை ஏறியதும் "ப்வானா அசிஃபிவே" என்று சொல்லுங்கள், நம் "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" போன்ற வாழ்த்து அது. சபை முழுவதும் "ஆமென்" என்று பதில் கொடுக்கும்.