வாசகர் கேள்வி பதில்: மிதுன ராசிக்கு ஆஸ்பிரின் ஆகாதா?

கே: கைராசியான டாக்டர் ஒருவர் நூறு பேருக்குக் கொடுத்துப் பார்த்தால் மருந்தின் லட்சணம் தெரிந்துவிடாதா? எதற்கு இத்தனை பல்கலைக்கழகங்கள், இத்தனை ஆயிரம் நோயாளிகள்?
– வாசகர், உடுமலைப்பேட்டை

ப: கைராசிதான் சிக்கலே. தேறிவிடுவார் என்று தோன்றும் ஆளுக்குப் புது மருந்தைக் கொடுக்கத்தான் கை போகும். அப்புறம் அவர் பிழைத்தது மருந்தாலா, அவர் உடம்பாலா? அதனால்தான் யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது.

நூறு பேர் ஏன் போதாது? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு நடத்திய ஐசிஸ்-2 (பயப்படாதீர்கள், இது எண்பதுகளின் மாரடைப்பு ஆய்வு) கணக்கைப் பாருங்கள். ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் ஐந்து வாரத்துக்குள் இதய, ரத்தக்குழாய்க் கோளாறால் இறந்தவர்கள் 9.4 சதவீதம், டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 11.8. நூற்றுக்கு இரண்டு மூன்று உயிர். நூறு பேரை மட்டும் வைத்துக்கொண்டு அது மருந்தா, தற்செயலா என்று சொல்ல முப்பது வருஷம் புள்ளியியல் பாடம் எடுத்த என்னால் முடியாது. அவர்கள் 16 நாடுகளில் 417 மருத்துவமனைகளிலிருந்து 17,187 பேரைச் சேர்த்தார்கள்.

அத்தனை பேரை எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்தான் சாமர்த்தியம். நடுராத்திரி டியூட்டி டாக்டருக்குப் படிவம் நிரப்ப ஏது நேரம்? ஆக்ஸ்ஃபோர்டுக்கு ஒரு போன், சில விவரங்கள், உடனே ஒரு மருந்துப் பொட்டலத்தின் எண் கிடைக்கும். உள்ளே இருப்பது நிஜமா டம்மியா என்று டாக்டருக்கும் தெரியாது. அதோடு, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசியையும் இதே ஆய்வில் சோதித்தார்கள். ஊசி மட்டும், மாத்திரை மட்டும், இரண்டும், இரண்டும் இல்லை என நான்கு பிரிவு. ஒரே செலவில் இரண்டு கேள்விக்கு விடை! இரண்டும் பெற்றவர்களில் இறப்பு 8 சதவீதம். இரண்டும் பெறாதவர்களில் 13.2. முடிவு 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது.

கே: மிதுன, துலா ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் வேலை செய்யாது என்று வெளிநாட்டு ஆய்வே சொல்வதாக வாட்ஸ்அப்பில் வந்ததே?
– வாசகி, தென்காசி

ப: வந்தது அதே ஐசிஸ்-2 தான்! வயதுவாரியாக, நோய்வாரியாகப் பிரித்துக் காட்டும்படி இதழ் கேட்டது. இஷ்டத்துக்குப் பிரித்தால் என்ன ஆகும் என்று காட்ட, ஆய்வை நடத்திய ரிச்சர்ட் பீட்டோ, ரோரி காலின்ஸ் குழு பிறந்த தேதிப்படி ராசிவாரியாகவும் பிரித்து அச்சிட்டது. மிதுனம், துலாமில் பலன் இல்லை, கொஞ்சம் கெடுதல்போலக்கூடத் தெரிந்தது. மற்றவர்களுக்கு அமோகப் பலன். அது புள்ளியியல் நையாண்டி, ஜோசியம் அல்ல. அடியேன் துலாம், டாக்டர் எழுதித் தந்த ஆஸ்பிரினை ஒழுங்காக விழுங்குகிறேன்.

கே: ஆய்வின் நடுவிலேயே பலன் தெரிந்துவிட்டால், டம்மி கிடைத்தவர் கதி?
– வாசகர், காரைக்குடி

ப: நடத்துபவர்களுக்கே நடுவில் தெரியாது, தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும். ஆய்வில் சம்பந்தப்படாத தனிக்குழு ஒன்றுதான் கணக்கை அவ்வப்போது பார்க்கும், தெளிவாகிவிட்டால் சொல்லும். கொரோனா காலத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வான ரெகவரியிலும் இப்படி ஒரு குழு இருந்தது. அதில் டம்மியே கிடையாது. வழக்கமான சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். 2020 மார்ச்சில் தொடங்கியது. ஜூனுக்குள் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைத்தது தெரிந்தது. எல்லோரும் அடித்துப்பிடித்து வாங்கிய மலேரியா மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்குப் பலன் இல்லை என்று அதே மாதம் கதவைச் சாத்தினார்கள்.