ஆப்ட் கேச் 500 எம்பியைத் தாண்டாமல் வைத்திருக்க முடியுமா?

32 ஜிபி வட்டு கொண்ட பழைய மடிக்கணினியில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவியிருக்கும் வாசகர் ஒருவர், மென்பொருள் நிறுவும் கருவியான ஆப்ட் இறக்கிச் சேமித்து வைக்கும் மென்பொருள் பொதிகளின் கேச் மட்டுமே 4 ஜிபியைத் தொட்டுவிட்டதாக எழுதியிருக்கிறார். புதிய பதிப்பு சிக்கல் தந்தால் பழையதற்குத் திரும்ப அந்தக் கோப்புகள் உதவும் என்பதால், அனைத்தையும் அழிக்காமல் 500 எம்பிக்குள் நிறுத்த வழி கேட்கிறார்.

வழி உண்டு. முதலில், கேச் ஏன் பெருகுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். 2016இல் வெளிவந்த 1.2 பதிப்பிலிருந்து 'ஆப்ட்' என்ற கட்டளை, நிறுவல் வெற்றிகரமாக முடிந்ததும் தான் இறக்கிய பொதிகளை நீக்கிவிடுகிறது. பழைய 'ஆப்ட்-கெட்' அவ்வாறு செய்வதில்லை. வாசகரின் வட்டில் 4 ஜிபி சேர்ந்திருப்பதைப் பார்த்தால், அவர் இன்னும் 'ஆப்ட்-கெட்' பயன்படுத்துபவராக இருக்கக்கூடும். 'ஆப்ட்-கெட் கிளீன்' எல்லாவற்றையும் துடைத்துவிடும். 'ஆட்டோகிளீன்', பொதிகள் இறங்கும் இணையக் களஞ்சியத்தில் இனி கிடைக்காத பதிப்புகளை மட்டுமே நீக்கும். இரண்டுமே அளவைப் பார்ப்பதில்லை.

அளவைப் பார்ப்பது ஆப்ட்டின் அன்றாடப் பராமரிப்புப் பணி. ஆப்ட்டின் அமைப்புக் கோப்புகள் உள்ள 'ஆப்ட்.கான்ஃப்.டி' (/etc/apt/apt.conf.d) அடைவில் புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, 'ஆப்ட்::ஆர்க்கைவ்ஸ்::மேக்ஸ்சைஸ்' என்பதற்கு 500 என்ற மதிப்பை இரட்டை மேற்கோளுக்குள் கொடுத்து, வரியின் முடிவில் அரைப்புள்ளி இட வேண்டும் (அரைப்புள்ளியை மறந்தால் ஆப்ட் அடுத்த முறை இயங்கும்போது பிழை காட்டும்). அலகு எம்பி; 0 என்றால் வரம்பே இல்லை என்று பொருள்.

எனினும் இது சுவர் போன்ற தடை அன்று, நாளுக்கொரு முறை நடக்கும் கூட்டிப்பெருக்கல் மட்டுமே. பெரிய மேம்படுத்தல் நாளில் 1.5 ஜிபி இறங்கினால் அது முழுதும் இறங்கவே செய்யும். மேலும், கோப்பின் குறைந்தபட்ச வயதைக் குறிக்கும் 'மின்ஏஜ்' என்ற அமைப்பின் இயல்பு மதிப்பு 2 என்பதால், 2 நாள்களுக்குள் இறங்கிய கோப்புகளைப் பராமரிப்புப் பணி தொடாது. வரம்பை இட்ட மறுநாளே கேச் குறையவில்லை என்று குழம்புவோர் பெரும்பாலும் இதைக் கவனிக்காதவர்களே. மடிக்கணினி மின்கலத்தில் ஓடும்போதும் இந்தப் பணி தள்ளிப்போகும் என்பதால், மின் இணைப்புடன் சற்று நேரம் வைத்திருக்க வேண்டும்.

வாசகரின் விருப்பத்தோடு இந்த ஏற்பாடு மோதும் இடம் ஒன்றுண்டு. வரம்பு மீறும்போது மிகப் பழைய கோப்பிலிருந்தே நீக்கம் தொடங்குகிறது. எந்தப் பொதி முக்கியம் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே அவர் காப்பாற்ற நினைக்கும் பழைய பதிப்புகளே முதலில் போய்விடும். வரம்பை 1500ஆக உயர்த்தினாலும் அந்த இழப்பு தள்ளிப்போகுமே தவிர நிற்காது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), வரைகலை இயக்கி போன்ற, பழையதற்குத் திரும்ப நேரக்கூடிய ஒருசில பொதிகளை மட்டும் மேம்படுத்தலுக்கு முன்பே கேச்சிலிருந்து வேறோர் அடைவுக்கோ வெளிவட்டுக்கோ நகலெடுத்து வைப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. தேவைப்படும்போது 'டிபிகேஜி' கட்டளையால் அவற்றை நேரடியாக நிறுவலாம். அவை இயங்கத் தேவையான சார்புப் பொதிகள் இருந்தால் அவற்றையும் சேர்த்தே நகலெடுக்க வேண்டும்.