பெரிய நாட்டை எந்தக் கோர்ட்டில் நிறுத்துவது? கேள்வி பதில்

கே: ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படை செய்ததற்கு ஹேக் நீதிமன்றம் ஏன் ஒன்றும் செய்யவில்லை? (ஹட்டன்)

ப: செய்யப் பார்த்தது. அமெரிக்கா சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பு நாடு இல்லைதான், ஆனால் ஆப்கானிஸ்தான் 2003இல் சேர்ந்துவிட்டது, குற்றம் அந்த மண்ணில் நடந்தால் செய்தவர் எந்த நாட்டுக்காரர் என்றாலும் விசாரிக்கலாம். 2020 மார்ச்சில் மேன்முறையீட்டு அமர்வு அனுமதி கொடுத்தது. அதே வருடம் வாஷிங்டன், வழக்குத்தொடுநர் பத்தூ பென்சூடா மீதே தடை போட்டது. அடுத்து வந்த கரீம் கான், வளம் போதாது, தலிபானையும் ஐஎஸ்ஸையும் முதலில் பார்ப்போம் என்று அமெரிக்கப் படை விஷயத்தை 2021இல் ஒதுக்கிவிட்டார். அந்தக் காரணத்தை முழுதாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கே: அப்படியென்றால் யாருக்குமே நீதி கிடைத்ததில்லையா? (பூண்டுலோயா)

ப: கிடைத்திருக்கிறது, சுற்றுவழியில். காலித் எல் மஸ்ரி ஒரு ஜெர்மன் பிரஜை. 2003இன் கடைசி நாளில் பஸ்ஸில் மசிடோனியாவுக்குப் போனவரைப் பெயர்க் குழப்பத்தில் பிடித்து, ஹோட்டல் அறையில் 23 நாள் அடைத்து, பிறகு சிஐஏ கையில் கொடுத்தார்கள். ஆப்கானிஸ்தானில் மாதக்கணக்கில் சிறை, கடைசியில் அல்பேனியாவில் கொண்டுபோய் விட்டார்கள். அமெரிக்காவில் வழக்குப் போட்டார், அரச ரகசியம் என்று தள்ளிவிட்டார்கள். சரி, துரையைத் தொட முடியாவிட்டால் கங்காணியைப் பிடி என்பதுபோல அவர் மசிடோனியாவைப் பிடித்தார். 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 60,000 யூரோ கொடுக்கச் சொன்னது. எப்படி நிரூபித்தார் தெரியுமா? விமானப் பதிவுகள், அப்புறம் அவருடைய தலைமுடி! தெற்காசிய நாடொன்றில் இருந்தேன், நீண்ட நாள் பட்டினி கிடந்தேன் என்று அவர் சொன்னதோடு முடிப் பரிசோதனை ஒத்துப்போனது.

ஈராக்கில் அமெரிக்க ராணுவம் நடத்திய அபு கிரைப் சிறையில் வதைபட்டவர்களும் ராணுவத்தை விட்டுவிட்டு, அங்கே விசாரணைக்கு ஆள் கொடுத்த சிஏசிஐ கம்பனி மேல்தான் 2008இல் வழக்குப் போட்டார்கள். மூன்று ஈராக்கியருக்கு 4 கோடி 20 லட்சம் டொலர் கொடுக்கும்படி அமெரிக்க ஜூரி சொன்னது 2024 நவம்பரில்.

கே: பிந்துனுவெவ கொலைகளை ஹேக்குக்குக் கொண்டுபோகலாமா? (பண்டாரவளை)

ப: முடியாது. இலங்கை உறுப்பு நாடு இல்லை, 2002 ஜூலைக்கு முந்தியதை அந்த நீதிமன்றம் தொடவும் தொடாது. பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தமிழ்க் கைதிகளைக் கும்பல் கொன்றது 2000 ஒக்டோபரில். நம் உயர் நீதிமன்றம் 2005இல் எல்லாரையும் விடுவித்துவிட்டது. சந்தேக நபர் வெளிநாட்டுக்குப் போய் அங்கே மாட்டினால் மட்டும் ஒரு வழி உண்டு, சிரிய உளவு அதிகாரி ஒருவருக்கு ஜெர்மனி 2022இல் ஆயுள்தண்டனை கொடுத்ததுபோல.

கே: ஐ.நா.வுக்கு எழுதினால் பலன் உண்டா? (தலவாக்கலை)

ப: எழுதலாம், பெரிதாக நம்பியிருக்காதீர்கள். வாக்குமூலத்தை வைத்துச் சிறைத்தண்டனை பெற்ற தமிழர் சிங்கராசாவின் வழக்கில் ஐ.நா. மனித உரிமைகள் குழு 2004இல் அவர் பக்கம்தான் முடிவு சொன்னது. ஆனால் தனிநபர்கள் அந்தக் குழுவிடம் முறையிடும் ஏற்பாட்டில் இலங்கை 1997இல் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று 2006இல் நம் உயர் நீதிமன்றம் கதையை முடித்துவிட்டது.

கே: தம்பியைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துவிட்டார்கள். எங்கே போவது? (புசல்லாவை)

ப: நாளைக்கே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், அதைத் தவறவிட்டுத்தான் பாதி வழக்கு செத்துப்போகிறது. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கண்டி அலுவலகத்தில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. கைதை 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்குப் பொலிஸ் அறிவித்ததா என்றும் அங்கேயே கேளுங்கள். தடுப்புக்காவல் கட்டளையின் பிரதியை வாங்குங்கள். அடித்திருந்தால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி நீதவானிடம் கேட்கச் சொல்லுங்கள். முக்கியமாக, வாசிக்கத் தெரியாத சிங்கள வாக்குமூலம் எதிலும் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று முதல் சந்திப்பிலேயே தம்பியிடம் சொல்லிவிடுங்கள். சிங்கராசா மாட்டியது அப்படி ஒரு தாளில்தான்.