சீட்டு கொடுக்கறதே அங்க ஓட்டுப்பெட்டிதான்

கேள்வி: என் தம்பி அமெரிக்காவுல சாஃப்ட்வேர் வேலையில இருக்கான், கிரீன் கார்டுக்கு 12 வருஷமா க்யூவுல நிக்கறான். "இங்க பிரைமரி எலெக்‌ஷனுக்கு பாதிப் பேர்கூட போறதில்லக்கா, அதான் நம்ம பொழப்பு இப்படி இழுக்குது"ன்னு புலம்பறான். கட்சிக்குள்ள நடக்கற எலெக்‌ஷனுக்கும் கிரீன் கார்டுக்கும் என்னங்க சம்பந்தம்?
- கரூர் வாசகி

பதில்: இருக்குதுங்க. நம்மூர்ல யாருக்கு சீட்டுன்னு தலைமை முடிவு பண்ணும், அங்க அதையும் ஜனங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணணும், அதுக்குப் பேர்தான் பிரைமரி. நவம்பர்ல நடக்கற பொதுத்தேர்தல்ல எந்தக் கட்சி ஜெயிக்கும்னு முன்னாடியே தெரிஞ்ச தொகுதிங்கதான் அங்க ஜாஸ்தி, அதனால அந்தக் கட்சியோட பிரைமரியில ஜெயிச்சாலே எம்.பி. ஆன மாதிரிதான்.

உங்க தம்பி கதைக்கே வரேன். 2013 ஜூன்ல அமெரிக்க பார்லிமென்ட்டோட மேல்சபையான செனட்ல ஒரு குடியேற்ற மசோதா 68க்கு 32ன்னு பாஸ் ஆச்சு. வேலை மூலமா வர்ற கிரீன் கார்டுக்கு நாட்டுக்கு இவ்வளவுதான்னு இருக்கற உச்சவரம்பைத் தூக்கறதும் அதுல இருந்துச்சு, இந்தியாக்காரங்க க்யூ இவ்வளவு நீளமா இருக்கறதே அந்த வரம்பாலதான். ஆனா கீழ்சபையான பிரதிநிதிகள் சபையில அதை ஓட்டுக்கே விடாம இழுத்தடிச்சாங்க. அந்த நேரத்துல, 2014 ஜூன் 10, வர்ஜீனியா 7வது தொகுதி குடியரசுக் கட்சி பிரைமரியில எரிக் கேன்டர் தோத்தார். சபையில மெஜாரிட்டி லீடர், அதாவது பெரும்பான்மைக் கட்சியில சபாநாயகருக்கு அடுத்த ஆளு, அடுத்த சபாநாயகர்னு பேச்சு அடிபட்ட ஆளு. தோக்கடிச்சது டேவ் பிராட்னு ஒரு எகனாமிக்ஸ் வாத்தியார், கேன்டர் இந்த மாதிரி குடியேற்றச் சட்டத்தால சட்டவிரோதமா வந்தவங்களுக்கு மன்னிப்புக் கொடுக்கப் பாக்கறார்னு அதையே சொல்லிச் சொல்லி பிரச்சாரம் பண்ணினவர். கேன்டர் டீம் ஸ்டேக் ஹவுஸ்ங்கற கறி ஹோட்டல்ங்கள்ல செலவு பண்ணினதே 1,68,000 டாலராம், பிராட்டோட மொத்த பிரச்சார செலவே சுமார் 2,00,000 டாலர்தான்!

அன்னிக்கு ஓட்டுப் போட்டது சுமார் 65,000 பேர். 2012 நவம்பர்ல கேன்டருக்கு மட்டும் 2,22,000 ஓட்டுக்கு மேல விழுந்துச்சு, அதுல முக்கால்வாசிப் பேர் இந்தப் பக்கமே வரல. வித்தியாசம் 7,200 ஓட்டுதான், ஆனா அதைப் பாத்து, குடியேற்றத்தைத் தொட்டா நமக்கும் இதே கதிதான்னு மத்த எம்.பி.ங்களும் மிரண்டுட்டாங்க. அந்த மாசக் கடைசியிலயே ஒபாமா வெளிய வந்து, இந்த வருஷம் சபையில ஓட்டெடுப்பு கிடையாதுன்னு சபாநாயகர் சொல்லிட்டார்னு அறிவிச்சார். கேன்டர் ஜெயிச்சிருந்தா பாஸ் ஆயிருக்கும்னு நான் சொல்ல வரல, ஏற்கனவே இழுத்துக்கிட்டிருந்த உசுருதான் அது.

ஜனங்க சோம்பேறின்னும் சொல்லிட முடியாதுங்க. நியூயார்க்ல கட்சியில பதிஞ்சவங்கதான் அந்தக் கட்சி பிரைமரியில ஓட்டுப் போடலாம். 2016 ஏப்ரல்ல நடந்த அதிபர் வேட்பாளர் பிரைமரிக்கு, கட்சி மாத்தணும்னா 2015 அக்டோபருக்குள்ள மாத்தியிருக்கணும்! டிரம்ப்போட பொண்ணு இவாங்கா, பையன் எரிக் ரெண்டு பேருமே அதைக் கோட்டை விட்டாங்க, சொந்த அப்பாவுக்கே ஓட்டுப் போட முடியல.

கேள்வி: கம்மி ஓட்டு விழுந்தா வலதுசாரிங்களுக்குத்தான் லாபமா?
- திருச்சி வாசகர்

பதில்: அப்படி இல்லீங்க, யார் ஆளை எழுப்பிக் கூட்டிட்டு வர்றாங்களோ அவங்களுக்கு லாபம். 2018 ஜூன்ல நியூயார்க் 14வது தொகுதியில, ஜனநாயகக் கட்சியோட பெரிய தலை ஜோ குரோலியை அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ கோர்டெஸ் தோக்கடிச்சப்போ விழுந்த மொத்த ஓட்டே 30,000க்குள்ளதான். நவம்பர்ல அந்தம்மாவுக்கு மட்டும் 1,10,000.

இதைவிடக் கூத்து, அதே சமயத்துல பக்கத்து 15வது தொகுதியில ரிஃபார்ம் பார்ட்டின்னு ஒரு குட்டிக் கட்சியோட பிரைமரி. அங்க ஓட்டுப் போட்டவங்க, சீட்டுல இல்லாத இந்தம்மா பேரை அவங்களாவே எழுதிப் போட்டதுல அங்கயும் ஜெயிச்சுட்டாங்க. வாங்கின ஓட்டு எத்தனைங்கறீங்க? 9. அந்த சீட்டு வேண்டாம்னுட்டாங்க.