மாண்டரின் மீன் வயிறு ஒட்டிப்போனால்

உங்கள் கடல்நீர்த் தொட்டியில் இருக்கும் மாண்டரின் (வண்ணமயமான சிறு கடல்மீன்) வயிறு ஒட்டிப்போகிறது, கடைக்காரர் துணைக்கு இன்னொன்று வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். வாங்காதீர்கள், அவர் என்ன சொன்னாலும் சரி. 60 லிட்டர், அதுவும் 2 மாதமே ஆன தொட்டியில், இருக்கிற ஒன்றுக்கே இரை போதாது.

பெல்லட்டை (உருண்டையான உலர் தீனியை) திரும்பிக்கூடப் பார்க்காமல் நாள் முழுக்கப் பாறையைக் கொத்துகிறது, ஆனாலும் வயிறு ஒட்டுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் அது பட்டினிதான். மாண்டரின், கோப்பிபாட் போன்ற பொடி உயிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்கிற மீன். சின்னத் தொட்டியில் அவை பெருகுவதற்குள் தின்று தீர்த்துவிடும்.

இன்றிரவு விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். உப்புத்தூள் போன்ற வெள்ளைப் புள்ளிகள் விட்டுவிட்டு நகர்ந்தால் அவைதான் கோப்பிபாட். ஒன்றும் தெரியாவிட்டால் காத்திருக்க வேண்டாம். பம்பை நிறுத்திவிட்டு, புதிதாகப் பொரிந்த ஆர்ட்டீமியா (மீன் தீனிக்கான உப்புநீர்ச் சிற்றுயிர்) குஞ்சுகளைச் சிறு குழாயால் மீனின் முகத்துக்கு முன்னால் விடுங்கள், தினமும் பல தடவை. பொரிந்த சில மணி நேரத்திலேயே அவற்றின் சத்து குறையும், அதனால் இது தற்காலிக ஏற்பாடுதான். தாமிரம் கலந்த மருந்து எதுவும் ஊற்றாதீர்கள், மிச்சமிருக்கும் கோப்பிபாட்டும் செத்துவிடும்.

வளர்ப்பது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். இந்தத் தொட்டியில் தப்புதான். கண்ணெதிரே மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கும் மீனை அழகுக்காக வைத்திருக்கக் கூடாது. லைவ் ராக் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல்பாறை) நிறைந்த பெரிய, பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். கடலில் மட்டும் விடாதீர்கள். பின்னாளில் வாங்குவதானால், பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள், அது தீனி தின்பதைக் கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள்.